ரேடியோ வந்தால் பேச்சு போய்விடுகிறது

போன வாரம் கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்க்கத்தான் போனது. ஒரு மாதமாகப் போனில் இதே பேச்சு: “ரேடியோ போட்டா கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குதுடா. சில நேரம் அது பேசுது, ரேடியோ வர மாட்டேங்குது. ரெண்டும் சேந்து ஒரு நாளும் வரல.” போனிலேயே இரண்டு மூன்று தடவை என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. நேரில் பார்க்காமல் ஆகாது என்று கிளம்பிவிட்டேன்.

சித்தப்பாவுக்குப் பார்வை கிடையாது. கண் நீர் அழுத்தம். ஓய்வு பெற்ற சில வருஷங்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரை விடவில்லை. டெபியன் 12 என்ற லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், அதில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஓர்கா, அதற்குக் குரல் கொடுக்க ஈஸ்பீக். ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் மனிதக் குரல் மாதிரி இருக்காது, தகரத்தில் தட்டிய மாதிரி ஒரு குரல். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எழுத்து எழுத்தாகப் புரியும், அதனால் அவருக்கு அதுதான் பிடிக்கும். நமக்கு ஒரு நிமிஷம் ஆகும் செய்தியை அவர் கால் நிமிஷத்தில் கேட்டு முடித்துவிடுவார்.

முதல் நாள் காலை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “நீங்க எப்பவும் செய்ற மாதிரி செய்ங்க சித்தப்பா, நான் எதுவும் சொல்லல” என்றேன். ஹெட்போனுக்குப் பதில் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டோம். ரேடியோ நிலையங்களின் பட்டியலில் கீழ் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார், ஓர்கா பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. வேண்டிய நிலையம் வந்ததும் நிறுத்தி, பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் காபி குடித்துவிட்டு என்டர் தட்டினார். நாகஸ்வரம் வந்தது. நன்றாகவே வந்தது. அப்புறம் மெயில் பார்க்க ஆல்ட், டேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். திரையில் ஜன்னல் மாறுவது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரிய வழியே இல்லை. ரேடியோவை நிறுத்தலாம் என்றால் அது இருக்கும் ஜன்னலுக்குப் போக வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிய குரல்தான் இல்லையே. நாலைந்து தடவை தட்டிப் பார்த்தார், அப்புறம் கை தானாக மேஜைக்குக் கீழே போனது. கேபினட்டில் பவர் பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து, அது அணையும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக இப்படித்தான் அணைத்துக்கொண்டிருக்கிறார். போனில் இதை அவர் சொல்லவே இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு ப்ரோகிராம் சத்தம் போட வேண்டும் என்பது நமக்கெல்லாம் ஒரு வசதி. பாட்டு ஓடும்போது மெசேஜ் வந்த ‘டிங்’ கேட்காவிட்டால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. அவருக்கு ஸ்பீக்கர்தான் மானிட்டர். வேறொரு ப்ரோகிராம் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டால், நாம் வேலை செய்யும்போது யாரோ திரையை அணைத்துவிட்ட மாதிரிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு மதர்போர்டோடு வரும் சாதாரண சவுண்ட் சிப் எதுவாக இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒலி ஓடையைத்தான் வாங்கிக்கொள்ளும். தெருக்குழாய் மாதிரி, ஒரு குடம் வைத்திருக்கும்போது இன்னொரு குடம் வைக்க முடியாது. லினக்ஸின் மையமான கெர்னலில் சவுண்ட் கார்டைக் கையாளும் பகுதியான ஆல்சா இதை அப்படியே ஒளிவுமறைவில்லாமல் காட்டும்: ஒரு ப்ரோகிராம் கார்டை நேரடியாகத் திறந்து வைத்திருந்தால், அடுத்து வருவதற்கு ‘டிவைஸ் பிஸி’ என்ற பதில்தான். அப்புறம் எப்படி நம் கம்ப்யூட்டரில் யூடியூபும் மீட்டிங்கும் சேர்ந்து கேட்கின்றன என்றால், நடுவில் ஒருவர் நின்று எல்லாரிடமும் ஒலியை வாங்கி, கலந்து, ஒரே ஓடையாகக் கார்டுக்குக் கொடுக்கிறார். டெபியன் 12 க்னோமில் அந்த வேலை பைப்வயருடையது. எல்லாரும் பைப்வயர் வழியாகப் போனால் பிரச்சினையே இல்லை. ஒருவர் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் கார்டுக்குப் போனால் மற்ற எல்லாருக்கும் வாய் அடைத்துவிடும். அதனால் இப்படி ஒரு புகார் வந்தால் முதல் கேள்வி, இப்போது கார்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

அதற்கு முன்னால் சித்தப்பாவே ஒரு துப்புக் கொடுத்தார், உண்மையில் அதிலேயே பாதி விடை இருந்தது. “பிரவுசர்ல பாட்டு கேட்டா ஒண்ணும் ஆகறதில்ல, பேச்சும் வருது. இந்த ரேடியோ லிஸ்ட்லதான் வம்பு. அதுலயும் பேர சொன்ன உடனே என்டர் தட்டினா ரேடியோ வராது, பேச்சு இருக்கும். கொஞ்சம் ஆற அமரத் தட்டினா ரேடியோ வரும், பேச்சு போயிடும்.” எவ்வளவு நேரம் ஆற அமர என்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே எண்ணி, “அஞ்சுக்கு மேல” என்றார்.

அஞ்சு! பைப்வயருக்கு எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று நிர்வாகம் பண்ணும் ஒயர்ப்ளம்பர், 5 விநாடி யாரும் சத்தம் போடவில்லை என்றால் கார்டை மூடி வைத்துவிடும். மின்சாரம் மிச்சம் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அந்த 5 விநாடிக்குள் ரேடியோவைத் தட்டினால் கார்டு பைப்வயர் கையில் இருக்கிறது, ரேடியோவுக்கு இடமில்லை. 5 விநாடி தாண்டித் தட்டினால் கார்டு காலியாகக் கிடக்கிறது, ரேடியோ ஓடிவந்து பிடித்துக்கொள்கிறது, அடுத்து ஓர்கா பேச நினைக்கும்போது பைப்வயருக்குக் கதவு திறக்காது. ஒரு கருவியும் கையில் இல்லாமல் காதையும் விரலையும் வைத்து அவர் அந்த அளவைப் பிடித்திருக்கிறார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, மறுபடி ரேடியோவை ஓடவிட்டு, டெர்மினலில் ஃப்யூசர் கட்டளையைக் கொடுத்து சவுண்ட் கோப்புகளை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ‘பிசிஎம் சி0 டி0 பி’ என்ற வரிக்கு நேராக எம்பிளேயர் என்று இருந்தது, ரேடியோவை ஓட்டும் ப்ரோகிராம் அதுதான். அந்தப் பெயரைப் பிரித்துப் படித்தால் எல்லாம் புரிந்துவிடும். சி0 என்றால் முதல் கார்டு, டி0 என்றால் அதில் முதல் டிவைஸ், கடைசியில் பி என்றால் ப்ளேபேக், அதாவது ஒலி வெளியே போகும் வழி. அந்த வரிக்கு நேராகப் பைப்வயர் மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு எந்தப் பெயர் இருந்தாலும் அதுதான் குற்றவாளி. கண்ட்ரோல் கோப்புகளுக்கு நேராக ஒயர்ப்ளம்பர் என்றெல்லாம் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வால்யூம் சமாச்சாரம்.

எம்பிளேயர் ஆல்சா வழியாகப் போகிறது, அதில் தப்பில்லை. ஆல்சாவில் ‘டீஃபால்ட்’ என்று கேட்கும் ப்ரோகிராமைச் சத்தமில்லாமல் பைப்வயர் பக்கம் திருப்பிவிட ‘பைப்வயர் ஆல்சா’ என்று ஒரு பொதி உண்டு, அது நிறுவப்பட்டும் இருந்தது. பிறகு ஏன் நேராகப் போகிறது? ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். புள்ளியில் தொடங்கும் ‘ஏசவுண்ட்ஆர்சி’ என்ற கோப்பு இருந்தது. திறந்தால் ஐந்தாறு வரிதான், எல்லா ஒலியையும் கார்டு 0-வின் ஹார்டுவேருக்கே அனுப்பு என்று. மேலே ஒரு குறிப்பு. நான் எழுதியது. 2005-ல்.

ஒரு மாதத்துக்கு முன் அவருக்கு ரேடியோ கேட்க வசதியாக இருக்கட்டும் என்று என் பழைய பேக்கப்பிலிருந்து ரேடியோ ஸ்கிரிப்டுகள் இருந்த ஃபோல்டரை அப்படியே அவருடைய ஹோமுக்குள் கொட்டியிருந்தேன். புள்ளி வைத்த கோப்புகளும் கூடவே வந்துவிட்டன. என் கையால் வந்த வினை, ஒரு மாதம் அவர் பட்டது. அவரிடம் சொன்னேன். “கண்டுபிடிச்சிட்ட இல்ல, விடு” என்றார்.

ஆனால் அந்தக் கோப்பை எழுதிய நாளில் அது சரியான கோப்பு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்த ஐந்தாறு வரிக்குப் பின்னால் லினக்ஸில் சத்தம் கேட்பதற்காக நாங்கள் பட்ட பாடு முழுக்க இருக்கிறது.

லினக்ஸுக்கு முதலில் ஒலி கொடுத்தது ஹன்னு சவோலைனன் 1992-ல் தொடங்கிய வேலை; பின்னாளில் ஓஎஸ்எஸ் என்று பெயரானது. அதில் ‘டெவ் டிஎஸ்பி’ என்று ஒரே கோப்பு, அதில் எழுதினால் சத்தம் வரும், அவ்வளவு எளிமை. எளிமைக்கு விலை, ஒருவர் திறந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். 1998-ல் யாரோஸ்லாவ் கிசெலா ஆல்சாவைத் தொடங்கினார், 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதுதான் முறையான வழி என்றானது. கார்டே கலந்து கொடுக்க வல்லதாக இருந்தால் ஆல்சா அதைப் பயன்படுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் நம் பாடு.

என்னுடையது இல்லாத வகை. மதர்போர்டில் ஒட்டிவந்த ஏசி 97 சிப். எக்ஸ்எம்எம்எஸ் ப்ளேயரில் பாட்டு ஓடினால் கெய்ம் என்ற சாட் ப்ரோகிராமில் நண்பர்கள் கூப்பிட்ட சத்தம் கேட்காது. அதற்கு மருந்தாக க்னோம் பக்கம் ஈஎஸ்டி என்று ஒரு சர்வர், கேடிஈ என்ற மற்றொரு டெஸ்க்டாப் பக்கம் ஆர்ட்ஸ் என்று இன்னொரு சர்வர். கலப்பதற்காக வந்த இரண்டு பேரும் கார்டை மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள், ஒருவர் வழியாக வராத ப்ரோகிராமுக்குச் சத்தமே கிடையாது! க்னோமில் இருந்துகொண்டு ஒரு கேடிஈ ப்ரோகிராமைத் திறந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பழைய ப்ரோகிராம்களை ஏமாற்றி சர்வர் பக்கம் திருப்ப ஆர்ட்ஸ்டிஎஸ்பி, ஈஎஸ்டிடிஎஸ்பி என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டுவோம். ஒவ்வொரு ஐகானுக்கும் போய்க் கட்டளையை மாற்றி வைத்த காலம் அது.

அப்போதுதான் டிமிக்ஸ் பற்றித் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மரியாதை வரும். ஆல்சாவின் நூலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு செருகு. கலக்கும் வேலைக்கென்று தனி சர்வர் கிடையாது. சத்தம் போட வரும் ப்ரோகிராம்கள் எல்லாம் நினைவகத்தில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு, அவரவர் ஒலியை அவரவரே அங்கிருக்கும் எண்ணோடு கூட்டிவிட்டுப் போவார்கள். ஊர்ப் பொங்கல் பானையில் ஆளுக்கொரு படி அரிசி போடுவது மாதிரி. ஒலியைக் கலப்பது என்பது மொத்தத்தில் கூட்டல்தான், அது தெரிந்தபோது எனக்கு அவ்வளவு ஆச்சரியம். ஒவ்வொரு கணத்திலும் ஒலி ஒரு எண். பாட்டின் எண்ணையும் பேச்சின் எண்ணையும் கூட்டினால் இரண்டும் சேர்ந்து கேட்கும், காது பிரித்துக்கொள்ளும்.

கூட்டலில் இரண்டு சிக்கல் உண்டு. 16 பிட் ஒலியில் எண் −32768-லிருந்து 32767 வரைதான் போகலாம். பாட்டு 20000-ல் இருக்கும்போது பேச்சும் 20000-க்கு வந்தால் கூட்டுத்தொகை 40000, அது பாத்திரத்தில் அடங்காது. கவனிக்காமல் விட்டால் சுற்றிக்கொண்டு −25536 ஆகிவிடும், காதில் ‘டப்’ என்று அறைந்த மாதிரி கேட்கும். அதனால் டிமிக்ஸ் பெரிய பாத்திரத்தில் கூட்டி, எல்லை தாண்டினால் எல்லையிலேயே நிறுத்திவிடும். இன்றைக்குப் பைப்வயர் 32 பிட் தசம எண்ணில் கூட்டுகிறது, நடுவில் எவ்வளவு உயர்ந்தாலும் கவலையில்லை, கடைசியாகக் கார்டுக்குப் போகும்போது மட்டும் எல்லையைப் பார்த்தால் போதும். இன்னொன்று வேகம். சிடி பாட்டு விநாடிக்கு 44100 எண், நிறைய கார்டுகள் ஓடுவது 48000-ல். வேகம் வேறாக இருக்கும் இரண்டு வரிசையை எண்ணுக்கு எண் கூட்ட முடியாது, ஒன்றை நீட்டியாக வேண்டும், 147 எண் இருந்த இடத்தில் 160 எண் வரும்படி. அந்தக் காலத்தில் ஆல்சா இதை நேர்கோடு போட்டு நிரப்பிவிடும், நல்ல ஹெட்போனில் ஜால்ரா சத்தம் கொஞ்சம் மணல் மாதிரி கேட்கும்.

2005-ல் வந்த ஆல்சா 1.0.9-க்கு அப்புறம் டிமிக்ஸ் தானாகவே வேலை செய்தது. அதற்கு முன் நாமே ஏசவுண்ட்ஆர்சி கோப்பில் எழுத வேண்டும், என்னுடையது பழைய பதிப்பு, நானே எழுதினேன். எக்ஸ்எம்எம்எஸ் பாடிக்கொண்டிருக்கும்போது கெய்மின் ‘டிங்’ முதன்முதலாகச் சேர்ந்து கேட்ட ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது, நண்பனைத் திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் சென்னை ரிச்சி தெருவில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு ஒன்று கிடைத்தது. அதிலிருக்கும் இஎம்யு10கே1 சிப்பில் ஒலி கலப்பது ஹார்டுவேரிலேயே நடக்கும், 64 குரல்வரை. எத்தனை ப்ரோகிராம் வேண்டுமானாலும் நேராகக் கார்டைத் திறக்கலாம், எல்லாரையும் அது உள்ளே விடும். அப்படிப்பட்ட கார்டு இருக்கும்போது நடுவில் டிமிக்ஸ் எதற்கு? ஏசவுண்ட்ஆர்சியைத் திறந்து டிமிக்ஸ் வரியை அடித்து, நேராக ஹார்டுவேருக்கு அனுப்பு என்று மாற்றினேன். மேலே தேதியோடு குறிப்பு வைத்தேன். அந்தக் கார்டுக்கு அதைவிடச் சரியான கோப்பு கிடையாது. சித்தப்பாவின் மதர்போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட்டே கிடையாது, இருப்பது ஒரு குடம் பிடிக்கும் குழாய். கார்டு போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது, கார்டுக்காக எழுதிய வரி மட்டும் ஃபோல்டர் ஃபோல்டராகப் பயணம் பண்ணிக் கும்பகோணம் வந்திருக்கிறது.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேரில் கலக்கும் கார்டுகள் மெல்ல மறைந்தன, மதர்போர்டு சிப் மலிவு, கலக்கும் வேலையை ப்ராசஸர் பார்த்துக்கொள்ளட்டும் என்றாகிவிட்டது. லெனார்ட் போட்டரிங் 2004-ல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ 2007 நவம்பரில் ஃபெடோரா 8-லும், 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04-லும் இயல்பாகவே வந்தது. அதைத் திட்டாத ஆள் கிடையாது, நானும் அப்போது கழற்றிப் போட்டவன்தான். ஆனால் இன்று யோசித்தால், அது கேட்டது நியாயமான விஷயம்: எல்லாரும் ஒரே வழியாக வாருங்கள், ஒவ்வொருவருக்கும் தனி வால்யூம் தருகிறேன், ஹெட்போன் மாற்றினால் பாட்டு அறுபடாமல் அங்கே கொண்டுபோகிறேன். ஆல்சா டிரைவர்களில் அதுவரை யாரும் தொடாத மூலைகளைத் தொட்டது, தூங்கிக்கொண்டிருந்த பிழைகள் எல்லாம் எழுந்தன, பழி முழுக்க அதன் தலையில் விழுந்தது. அப்புறம் விம் டெய்மன்ஸ் வீடியோவுக்காக 2015-ல் தொடங்கிய வேலை ஒலிக்கும் நீண்டு பைப்வயரானது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 அதை எடுத்துக்கொண்டது, 2023 நவம்பரில் 1.0 வந்தது. அதில் எனக்குப் பிடித்த புத்திசாலித்தனம், யாரையும் மாறச் சொல்லவில்லை. பல்ஸ்ஆடியோவிடம் பேசத் தெரிந்த ப்ரோகிராமுக்குப் பல்ஸ்ஆடியோ மாதிரியே பதில் சொல்லும், இசைக்காரர்களின் ஜாக் ப்ரோகிராமுக்கு ஜாக் மாதிரி, ஆல்சாவுக்கு அந்தப் பொதி வழியாக. பிரவுசர், ஓர்காவின் குரலை எடுத்துப்போகும் ஸ்பீச் டிஸ்பேச்சர் எல்லாம் அதனால்தான் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருந்தன.

திருத்த ஆன நேரம் இரண்டு நிமிஷம். ஏசவுண்ட்ஆர்சியின் பெயரை மாற்றி ஒதுக்கினேன். எம்பிளேயரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். இப்போது ஃப்யூசரில் அந்த ப்ளேபேக் வரிக்கு நேராகப் பைப்வயர். டபிள்யூபிசிடிஎல் கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டால் எம்பிளேயரும் ஸ்பீச் டிஸ்பேச்சரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடைகள் பகுதியில் உட்கார்ந்திருந்தன. யாராவது இதே மாதிரி கண் தெரியாதவருடைய கம்ப்யூட்டரில் வேலை செய்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பைப்வயரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வந்தால் அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பேச்சு நின்றுபோகலாம். க்னோமில் ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா அணையும், மறுபடி அழுத்தினால் வரும். அவர் விரலுக்கு அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 5 விநாடி விஷயத்தை அப்படியே விட எனக்கு இஷ்டமில்லை. அதனால் இன்னொரு தொல்லையும் இருந்தது, சித்தப்பா அதைப் புகாராகக்கூடச் சொல்லவில்லை, இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பழகிவிட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஏதாவது தட்டினால் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும். ‘அமைப்புகள்’ என்பது ‘மைப்புகள்’ என்று வரும், ‘ஆம்’ என்ற பட்டன் வெறும் ‘ம்’. கார்டு தூக்கத்திலிருந்து எழுந்து சத்தம் போடுவதற்குள் முதல் துளி போய்விடுகிறது. ஒயர்ப்ளம்பரின் அமைப்பில் அந்த 5-ஐ 0 ஆக்கினால் கார்டை மூடவே மூடாது. டெபியன் 12-ல் இருக்கும் 0.4 பதிப்பில் இது லுவா மொழிக் கோப்பில் இருக்கும், 0.5-லிருந்து கோப்பின் வடிவமே வேறு, இணையத்தில் பார்த்து எழுதும்போது எந்தப் பதிப்புக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 0 ஆக்கினால் எம்பிளேயர் கார்டைப் பிடுங்குவதும் நின்றிருக்கும்தான், கார்டு ஒருபோதும் காலியாக இருக்காதே. ஆனால் அதை மட்டும் செய்திருந்தால் ரேடியோ என்றைக்குமே வந்திருக்காது. கோப்பை எடுத்ததுதான் மருந்து.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏசவுண்ட்ஆர்சி இல்லாமலும் இது வரலாம். ஈடிசி ஃபோல்டரில் இதே வேலையைச் செய்யும் கோப்பு இருக்கலாம், பழைய ஜாக் சர்வர் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம், ஏதாவது ப்ரோகிராமின் செட்டிங்கில் டீஃபால்ட் என்று இல்லாமல் ஹெச்டபிள்யூ என்று கார்டின் பெயரே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம், அந்த ஆல்சா பொதி நிறுவாமல் விட்டிருக்கலாம். எதுவானாலும் சத்தம் நின்றிருக்கும் நேரத்தில் ஃப்யூசர் ஓட்டிப் பாருங்கள், பெயர் வந்துவிடும்.

இரண்டாவது நாள் சித்தப்பா ஒரு புதுக் கோரிக்கை வைத்தார். “ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து வருது, முட்டிக்குது. ரேடியோவ ஒரு காதுல போட முடியுமா?” எம்பிளேயரில் ஒலியை எந்தப் பக்கம் எவ்வளவு அனுப்புவது என்று சொல்ல ஒரு ஃபில்டர் உண்டு, ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன், ரேடியோ இடது காதில் மட்டும். பேச்சு இரண்டிலும் வரும், அதனால் வலது காது பேச்சுக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆல்ட், டேப் அழுத்தினார், மெயில், பிரவுசர், ஃபைல்கள் என்று போனார், திரும்பி வந்தார், நாகஸ்வரம் நிற்கவில்லை. ஒரு தடவை இடதுபக்கக் குமிழை மட்டும் காதிலிருந்து தூக்கிப் பார்த்தார், மறுபடி வைத்துக்கொண்டார். ரேடியோவின் வால்யூமை மட்டும் தனியாக 40 சதவீதத்துக்குக் குறைத்து வைத்தேன், அடுத்த தடவை எம்பிளேயர் திறக்கும்போதும் ஒயர்ப்ளம்பர் அதை நினைவில் வைத்திருக்கும்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை அவரிடமிருந்து மெயில். ரேடியோ கேட்டுக்கொண்டேதான் தட்டச்சு செய்கிறேன் என்று ஆரம்பித்து, வீட்டுச் செய்தி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: தவில் தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் பேச்சு கொஞ்சம் அமுங்குகிறது, இன்னும் குறைக்க முடியுமா? போனில் பேசிக்கொண்டே இருவருமாக 30-க்கு இறக்கினோம்.